ஊத் சென்ட்: அந்த மரவாசத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

#1 புதுமூக்கு

ஊத் என்று பெயர் போட்ட உயர்ரக சென்ட்களைப் பற்றி மூன்று சந்தேகம். தெரிந்தவர்கள் விளக்கவும்.

ஒன்று: அடித்த முதல் பத்து நிமிடம் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி வாசம். சிலதில் தொழுவ வாடைகூட வருகிறது. அதை முகர்ந்துவிட்டுத்தான் ஆஹா ஓஹோ என்கிறார்கள். ஏன்?

இரண்டு: அந்தப் புட்டியில் உண்மையிலேயே அகில் எண்ணெய் இருக்கிறதா, பெயர் மட்டும்தானா?

மூன்று: போட்டுக்கொண்டவருக்கு அரைமணியில் வாசம் தெரிவதில்லை. எதிரில் இருப்பவரோ மூக்கைப் பொத்துகிறார். யார் மூக்கில் கோளாறு?

#2 காரகில்

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ஊத் என்றால் அரபியில் வெறும் ‘மரக்கட்டை’. பொருள் நம் அகில்தான். அக்விலாரியா இனத்து மரம், அதன் நெருங்கிய உறவான கைரினாப்ஸ். அசாமில் வளர்வது அக்விலாரியா மலாக்கென்சிஸ், கம்போடியா, வியட்நாம் பக்கம் கிராஸ்னா. இலங்கையின் வல்லப்பட்டை கைரினாப்ஸ் வகை. அகில் என்ற சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘ஆகிலா’ ஆனது. கேட்பதற்கு அது கழுகைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘அக்விலா’ மாதிரி இருந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது மரம் ‘கழுகு மரம்’ ஆகிவிட்டது. மரத்துக்கும் கழுகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நோயில்லாத அகில் மரம் வெளிறிய நிறம், எடையில்லாத கட்டை, வாசமே கிடையாது. தண்டு துளைக்கும் புழு, முறிந்த கிளை, இடி என்று எதனாலாவது காயம் பட்டு, அதில் பூஞ்சை இறங்கினால்தான் கதை தொடங்குகிறது. மரம் தற்காப்புக்காகக் காயத்தைச் சுற்றிப் பிசின் சுரக்கிறது. வருடக்கணக்கில் அந்தப் பிசின் கட்டையிலேயே ஊறிக் கறுக்கிறது. மிதக்கும் கட்டை, பிசின் ஏற ஏறத் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனக்கிறது. ‘மூழ்கும் தரம்’ என்று தனியாகப் பிரிப்பது இதனால்தான். ஜப்பானியர் அகிலுக்கு வைத்த ‘ஜின்கோ’ என்ற பெயருக்கே ‘மூழ்கும் நறுமணம்’ என்று பொருள். தோட்டங்களில் இப்போது மரத்தில் வரிசையாகத் துளை போட்டுப் பூஞ்சைக் கரைசலை ஏற்றிவிட்டு, சில ஆண்டு காத்திருந்து வெட்டுகிறார்கள்.

ஆக, நீங்கள் முகர்வது மரத்தின் வாசமே இல்லை. மரத்துக்கு வந்த சீக்கின் வாசம்.

#3 மோப்பக்காரி

முதல் கேள்விக்கு வருகிறேன். மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், முடை, கமறல் என்று நம்மிடம் சொல் நிறைய இருக்கிறது, நல்லதற்கு ஒன்று கெட்டதற்கு ஒன்று. ஊத் ஒரே மூச்சில் இதில் நாலைந்தைத் தொட்டுவிடும். அதுதான் அதன் ஈர்ப்பு, அதுதான் சிலருக்கு ஒவ்வாமையும்.

மல்லிகை எண்ணெயில் இன்டோல் என்ற பொருள் உண்டு. தனியாக முகர்ந்தால் கழிவறை நினைவு வரும். அதை எடுத்துவிட்டால் மல்லிகை சோப்பு மாதிரித் தட்டையாகிவிடும். ஊத்தில் அந்த அழுக்குப் பக்கம் இன்னும் வெளிப்படை. பீனால் வகைப் பொருள்கள்தான் பிளாஸ்திரி, மருந்து, புகை. வடிக்கும் முன் கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள்தான் தொழுவம், புளித்த தோல். இவற்றுக்கு அடியில் தேன், உலர்ந்த பழம், ஈரமண், பழைய மரப்பெட்டி. மேல்பக்க நெடி அடங்க அடங்க அடிப்பக்கம் மேலே வருகிறது. நெடியைக் கடந்து வந்த மூக்குக்கு அந்த இனிப்பு இரட்டிப்பாகத் தெரியும். வெறும் இனிப்பை மட்டும் கொடுக்கும் சென்டில் இந்த நகர்வு கிடையாது.

இது மெதுவாக நடப்பதற்கும் காரணம் உண்டு. எலுமிச்சை வாசத்தின் லிமோனின் மூலக்கூறு எடை 136, சட்டென்று ஆவியாகும். அகில் எண்ணெயில் பெரும்பகுதி செஸ்குவிடெர்பீன்கள் என்ற கனமான வாசப் பொருள்கள், எடை 200-க்கு மேல். தோலை விட்டுக் கிளம்பவே மனசு வராது. காலையில் போட்டது இரவில் சட்டைக் காலரில் இருக்கும்.

பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள் புதுமூக்கு. ஊத் சென்ட் 40 நிமிடத்துக்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கும்.

#4 சொட்டுக்கணக்கு

இரண்டாம் கேள்வி. நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்ப்ரே புட்டியில் வரும் ‘ஊத்’ பெரும்பாலும் வேறு பொருள்களைக் கலந்து கட்டமைத்த வாசனை. அதில் உண்மை எண்ணெய் இருந்தாலும் மிகச் சிறு அளவு.

ஏமாற்று என்று பாய வேண்டாம். அகில் எண்ணெய் ஒரு வடிப்பு மாதிரி அடுத்த வடிப்பு வராது. பல்லாயிரம் புட்டி ஒரே வாசத்தில் தர வேண்டிய நிறுவனம் அதை நம்பி இறங்க முடியாது. எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் அனுமதிச் சீட்டு வேறு. 2002-ல் இவ் செயின்ட் லோரான் ‘எம் 7’ வந்தபோதுதான் மேற்கத்திய பெருஞ்சந்தைக்கு ஊத் என்ற வாசமே அறிமுகம். அப்போது பெரிதாக விற்கவில்லை. 2007-ல் டாம் ஃபோர்டின் ‘ஊத் வுட்’ வந்தது, தொழுவத்தை முழுக்கக் கழுவிவிட்டு மரத்தையும் ஏலக்காயையும் மட்டும் வைத்தது. பிறகு வந்த பல சென்ட்கள் அந்தச் சுத்தமான வழியில்தான் போயின.

உள்ளே என்ன இருக்கும்? சிப்ரியால், அதாவது கோரைக்கிழங்கு இனத்து எண்ணெய். இதுதான் ஊத் சாயலின் முதுகெலும்பு. கூடவே பச்சோலி (பெயரே தமிழிலிருந்து போனதுதான்), குவாயக் மரம், சீடர், லப்டானம் பிசின். தோல் சாயலுக்கு சாஃப்ரலீன் போன்ற குங்குமப்பூப் பொருள். நீடித்து நிற்க நார்லிம்பனால், அம்ப்ராக்சன் போன்ற செயற்கை மர-ஆம்பர்கள் (வறட்டு மர நெடி தரும் பொருள்கள்). ‘ஊத் நோட்’ என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த வாசம் வரும் என்பதற்கான வாக்கு. அந்தப் பொருள் உள்ளே இருப்பதற்கான சான்று இல்லை.

#5 நீராவிவடி

சொட்டுக்கணக்கு சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயத்தை மென்று முழுங்குகிறார். கட்டமைத்த ஊத் படம் மாதிரி. வடித்த எண்ணெய் ஆள் மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மணிநேரம் முகர்ந்தவருக்கு வித்தியாசம் சொல்லத் தேவையில்லை.

வடிப்பு எப்படி என்று தெரிந்தால் ஏன் ஒன்றுபோல் ஒன்று வருவதில்லை என்பதும் புரியும். பிசின் ஏறிய கட்டையைச் சிராயாக்கி, பொடித்து, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஒரு வாரமும் ஊறலாம், ஒரு மாதமும் ஊறலாம். அசாம் பாணியில் (சந்தையில் ‘ஹிந்தி ஊத்’) நீண்ட ஊறல்தான் தொழுவ நெடிக்குக் காரணம், மரம் மட்டும் இல்லை. அதே மரத்தை ஊறவைக்காமல் வடித்தால் சாதுவான எண்ணெய் வரும். பிறகு கொப்பரையில் தண்ணீரோடு சேர்த்து நாள் கணக்கில் கொதிக்கவிட்டு, குளிர்ந்து சொட்டும் நீரின் மேல் படியும் மெல்லிய ஏட்டைக் கையால் வழித்தெடுப்பார்கள். நடுத்தர மரம் 100 கிலோ போட்டால் 100–200 கிராம் எண்ணெய் வந்தாலே நல்ல வடிப்பு.

கெடுவது எங்கே? தண்ணீர் வற்றினால் பொடி அடிபிடிக்கும். அந்தக் கருகல் எண்ணெயில் ஏறிவிட்டால் எத்தனை வருடம் வைத்தாலும் போகாது. ஊறல் எல்லை மீறினால் புளிப்பு, அழுகல். ஈரம் முழுக்க நீங்காமல் புட்டியில் அடைத்தால் கலங்கலாக நிற்கும். புதிதாக வடித்ததில் உலோகமும் புகையும் கலந்த ‘கொப்பரை வாடை’ இருக்கும். அது குறையல்ல, மூடியைத் தளர்த்திச் சில மாதம் வைத்தால் அடங்கும். அடங்காவிட்டால் கருகல் என்று அர்த்தம்.

ஊர்வாரியாகப் போனால் கம்போடிய எண்ணெய் பழ இனிப்பு, போர்னியோ லேசான குளிர்ச்சியும் வெனிலாவும், பப்புவா பச்சிலை நெடி. ஆனால் இன்றைக்கு ‘கம்போடி’ என்பது பல கடைகளில் பாணியின் பெயர், ஊரின் பெயர் அல்ல. தாய்லாந்துத் தோட்டத்து எண்ணெயும் அந்தப் பெயரில்தான் போகிறது.

#6 சொட்டுக்கணக்கு

படமும் ஆளும் உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘ஆளை’ அலுவலகத்துக்கும் பேருந்துக்கும் கூட்டிக்கொண்டு போக முடியாதே ஐயா. :)

#7 புதுமூக்கு

அருமை. மூன்றாவது கேள்வி தொங்குகிறது. அதோடு கட்டையைக் கனலில் போட்டால் வரும் புகை எண்ணெயைவிட இனிப்பாக இருக்கிறது என்கிறார்களே, ஒரே மரம்தானே?

#8 மோப்பக்காரி

போட்டவருக்குத் தெரியாமல் போவதற்கு இரண்டு காரணம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, பழகிப்போதல். ஒரே வாசம் நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தால் மூளை அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கழுத்தில் அடித்தவருக்கு மூக்குக்கு நேர் கீழேயே வாசம், சீக்கிரம் காணாமல் போகும். சட்டைக்குள் நெஞ்சில், முழங்கை மடிப்பில், பின்கழுத்தில் போட்டால் விட்டுவிட்டு வரும், நாள் முழுக்கத் தெரியும்.

இரண்டாவது, குறிப்பிட்ட பொருளுக்கு மூக்கு குருடாக இருப்பது. நார்லிம்பனால் வகை மர-ஆம்பர்கள் சிலருக்கு அறவே தெரியாது, சிலருக்கு ஆணி மாதிரி இறங்கும். போட்டவருக்குத் தெரியாமல் எதிரில் இருப்பவர் மட்டும் கமறினால் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். வாசம் போய்விட்டது என்று அவர் மறுபடி அடிப்பார், அறையே காலி ஆகும்.

கணக்கு: ஒரு அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி. ஊத் சென்ட் என்றால் இரண்டு அழுத்தல், மூடிய அறைக்கும் வெயில் நாளுக்கும் ஒன்று. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து அடியுங்கள். தோல் வறண்டிருந்தால் முதலில் வாசமில்லாத கிரீம், பிறகு சென்ட். மறுபடி அடிக்கும் முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், உங்கள் மூக்கைக் கேட்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். காகிதப் பட்டையில் அடித்துப் பெயரும் நேரமும் எழுதி வைத்து 5 நிமிடம், 40 நிமிடம், 3 மணி, மறுநாள் காலை என நான்கு முறை முகர்ந்து குறியுங்கள். மறுநாள் காலை எல்லாப் பட்டையிலும் ஒரே வறட்டு மர-ஆம்பர் நெடி மட்டும் மிஞ்சினால், பெயர்தான் வேறு வேறு, அடித்தளம் ஒன்று. நடுவில் காபிக்கொட்டை முகர்வது வீண். சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

#9 மூட்டம்

கட்டை–எண்ணெய் வித்தியாசம் பற்றி. அகில் பிசினில் இரண்டு பெரிய குடும்பம்: செஸ்குவிடெர்பீன்கள், குரோமோன்கள். குரோமோன்கள் கனமானவை, நீராவியோடு எளிதில் ஏறி வராது, பெரும்பாலும் கொப்பரையிலேயே தங்கிவிடும். தனியாக அவற்றுக்கு வாசமும் பெரிதாகக் கிடையாது. ஆனால் சூடு பட்டால் உடைந்து பென்சால்டிஹைடு, அனிசால்டிஹைடு போன்றவை வெளிவரும். பாதாமும் சோம்பும் கலந்த இனிப்பு அது. புகையில் மட்டும் அந்த இனிப்பு ஏன் என்பதற்கு இதுதான் பதில்.

கனலில் நேரடியாக வைக்காதீர்கள். முதல் நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு வெறும் விறகுப் புகை. கரி முழுக்க வெண்சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, மேலே ஒரு சென்டிமீட்டர் சாம்பல் பரப்பி, அதன் மேல் மைக்கா தகடு, தகட்டின் மேல் நகத்தளவு சில்லு. சூடு சரியாக இருந்தால் கண்ணுக்குப் புகை தெரியாது, வாசம் மட்டும் எழும். பிசின் ஓரத்தில் நுரைத்துக் கொதிப்பதைப் பார்க்கலாம். கறுத்துப் புகைந்தால் சாம்பலைக் கூட்டுங்கள். மின்சாரத் தட்டில் வேலை இன்னும் சுலபம், குறைந்த சூட்டில் தொடங்கி மெல்ல ஏற்றலாம்.

போலிக் கட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘தண்ணீரில் மூழ்கினால் அசல்’ என்பதை நம்ப வேண்டாம். சாதாரணக் கட்டையில் அழுத்தத்தில் சாயமும் எண்ணெயும் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பது பெரிய தொழில். அதுவும் மூழ்கும். அசலில் பிசின் கோடு கோடாக, திட்டுத் திட்டாக ஓடும், நடுவே வெளிறிய மரம் தெரியும். போலி உள்ளும் புறமும் ஒரே கறுப்பு. ஈரப் பஞ்சால் துடைத்தால் சாயம் ஒட்டும். அறை வெப்பத்திலேயே தூக்கலாக மணந்தால் சந்தேகப்படுங்கள், நல்ல அகில் சூடாக்கும்வரை அடக்கமாகவே இருக்கும். எண்ணெய்க்கு வீட்டுச் சோதனை எதையும் நம்புவதற்கில்லை. ஜிசி-எம்எஸ் (எண்ணெயில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வகச் சோதனை) அறிக்கை கேட்பதே வழி, அதையும் படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

#10 சொட்டுக்கணக்கு

கட்டமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கையால் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எளிய ஊத் சாயல். எல்லாம் கிராமில், 0.01 காட்டும் தராசு வேண்டும். சொட்டு எண்ணிச் செய்தால் அடுத்த முறை இதே வாசம் வராது (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்).

சிப்ரியால் 1.20
பச்சோலி 1.00
குவாயக் மர எண்ணெய் 1.50
வர்ஜீனியா சீடர் 2.00
ஐசோ ஈ சூப்பர் (செயற்கை மர வாசப் பொருள்) 2.00
லப்டானம் அப்சொல்யூட் (கரைப்பானால் பிரித்தெடுத்த சாறு), 50% கரைசல் 0.60
அம்ப்ராக்சன், 10% கரைசல் 0.90
நார்லிம்பனால், 10% கரைசல் 0.30
சாஃப்ரலீன், 10% கரைசல் 0.30
சுத்திகரித்த பிர்ச் மரத் தார், 1% கரைசல் 0.20

மொத்தம் 10.00. குவாயக் அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும், புட்டியை வெந்நீரில் வைத்து உருக்கிய பிறகே நிறுக்கவும். பிர்ச் தார் சுத்திகரித்ததாக இல்லாவிட்டால் போடவே வேண்டாம். நார்லிம்பனாலை 0.30-க்கு மேல் ஏற்றாதீர்கள், கலவை முழுவதையும் உப்புத்தாள் மாதிரி ஆக்கிவிடும். இரண்டு வாரம் இருட்டில் வைத்து, பிறகு வாசனைத் தொழிலுக்கான எத்தில் ஆல்கஹால் 57 கிராம் சேர்த்தால் 15% செறிவு. மறுபடி மூன்று வாரம் முதிரவிட்டு வடிகட்டவும். தோலில் போடும் முன் முன்கையில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பொறுக்கவும்.

#11 தராசுத்தட்டு

ஒரு திருத்தம். 10 கிராமும் வாசனைப் பொருள் இல்லையே. கரைசல்களுக்குள் இருக்கும் கரைப்பானைக் கழித்தால்: நேரடிப் பொருள்கள் 7.70, லப்டானம் 0.30, அம்ப்ராக்சன் 0.09, நார்லிம்பனாலும் சாஃப்ரலீனும் தலா 0.03, தார் 0.002. கூட்டினால் 8.15. இதில் 57 கிராம் ஆல்கஹால் ஊற்றினால் 12% தான். 15% வேண்டுமென்றால் 44 கிராம் போதும்.

#12 சொட்டுக்கணக்கு

ஆமாம், தவறு என்னுடையதுதான். 44 கிராம் என்று திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கலவை இவ்வளவு கனமாக இருப்பதால் 12 சதவீதத்திலும் மோசமில்லை, வெயில் காலத்துக்கு அதுவே நல்லது என்பேன்.

நீராவிவடி கோபித்துக்கொள்ளாமல் இருக்க இன்னொன்று: உண்மை அகில் எண்ணெய் கையில் இருந்தால் இந்தக் கலவையில் 0.05 கிராம் சேர்த்து, சேர்க்காததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுப்பகுதியில் ஒரு ஆழம் வரும். அவர் சொல்லும் ‘ஆள்’ அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

#13 நீராவிவடி

அப்படி வாருங்கள் வழிக்கு.

#14 புதுமூக்கு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கட்டையோ எண்ணெயோ வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவந்தால் சிக்கலா? வெள்ளைச் சட்டையில் கறை பிடிக்குமா?

#15 காரகில்

அக்விலாரியா மலாக்கென்சிஸ் 1995 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2005 முதல் அக்விலாரியா, கைரினாப்ஸ் இரண்டு இனமும் முழுதாக அதற்குள் வந்துவிட்டன. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 1 கிலோ சில்லு, 24 மில்லி எண்ணெய், இரண்டு மணிமாலை வரை அனுமதிச் சீட்டின்றி எடுத்துச் செல்ல ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆனால் நாடுகள் தங்கள் சட்டத்தில் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கிளம்பும் முன் இரண்டு பக்கத்து விதியையும் பார்த்துவிடுங்கள். பெட்டி போட்டுச் சில்லறை விற்பனைக்குத் தயாரான ஸ்ப்ரே சென்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கறை: ஸ்ப்ரே வெளிர்நிறமாக இருந்தால் பெரும்பாலும் பிடிக்காது. அகில் எண்ணெய் கண்டிப்பாகப் பிடிக்கும், பழுப்புத் திட்டு, சலவைக்கும் மசியாது. மணிக்கட்டில் குச்சியால் தொட்டு வைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு சட்டைக் கையை இறக்குங்கள்.